துக்கம் கேட்கப் போனது தவறில்லை

1

நெதர்லாந்துக்கு வந்து பத்து ஆண்டுகள் நிறைந்த வாரத்தில், வழக்கப்படி, அலுவலகத்துக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனேன். இங்கே யாருக்கு விசேஷமோ அவர்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும். நம் பள்ளிகளிலும் பிறந்தநாள்காரன்தானே மிட்டாய் கொடுப்பான். அந்த விஷயத்தில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

எல்லோரும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய பிறகு, பணியாளர் பிரிவின் சாஸ்கியா மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தார்.

"உங்கள் ஊரிலிருந்து ஆறு பொறியாளர்கள் வருகிறார்கள். கலாச்சார வேறுபாடுகளைப் பற்றி நீங்கள்தான் அவர்களிடம் பேச வேண்டும். படங்களெல்லாம் நானே தயாரித்துவிட்டேன்" என்றார்.

ஸ்லைடுகளை வரிசையாகக் காட்டினார். கூட்டத்துக்குக் குறித்த நேரத்தில் வாருங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். மேலாளரை 'சார்' என்று கூப்பிடாதீர்கள். சம்பளத்தை விசாரிக்காதீர்கள். எல்லாம் சரிதான், நானும் பட்டுத் தெரிந்துகொண்டவைதான். ஆறாவது ஸ்லைடில் ஒரு மூடிய கதவின் படம் இருந்தது. கீழே எழுதியிருந்தது: "சக ஊழியர் வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போகாதீர்கள். துக்க நேரத்தில் கண்டிப்பாகக் கூடாது." அதற்கும் கீழே, சிறிய எழுத்தில்: "உதாரணம்: பேச்சாளர் செய்த தவறு."

பேச்சாளர் நான். அந்தத் தவறு எது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

2

எங்கள் தொழிற்சாலையில் ரசாயன ஆலைகளுக்கு வேண்டிய பெரிய எஃகுக் கலன்களைச் செய்கிறோம். வெல்டிங் பொருத்துகளைப் பரிசோதித்து ஏற்பதும் தள்ளுவதும் என் வேலை. திருச்சியில் இருந்தபோது துவாக்குடிப் பட்டறையிலும் இதையேதான் செய்தேன். இங்கே எனக்கு எதிர் மேசையில் ஹெங்க். என்னைவிட மூத்தவர், அதே வேலை. நான் வந்த இரண்டாம் ஆண்டில் அவருடைய மனைவி ரியா இறந்தார்.

மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் ஹெங்க் முன்பொருநாள் சொல்லியிருந்தார். மேலே கேட்காதே என்றது முகம். கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைக்கப்பட்டிருப்பதாகவும், விரும்புகிறவர்கள் அதில் ஒரு வரி எழுதலாம் என்றும் அதில் இருந்தது. எழுதினோம். நானும் எழுதினேன். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். மதியச் சாப்பாட்டின்போது கால்பந்தாட்டம் பற்றிப் பேசினார்கள். எனக்கு எதிரே காலி நாற்காலி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் மனைவி மாலதியிடம் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னும் போகலையா நீங்க?"

"எல்லாரும் கார்டு போட்டிருக்கோம்."

"கார்டா? மனுஷன் பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்காரு, கார்டு போட்டீங்களா? நல்லா இருக்கே."

அவளே காபி போட்டு பெரிய ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தாள். துக்க வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், அக்கம்பக்கத்திலிருந்துதான் காபி வர வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெங்க்கின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைச் செய்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பஸ் பிடித்துப் போய் மணியை அடித்தேன். ஹெங்க் கதவைத் திறந்தார். நான் பேசவில்லை. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"தொழிற்சாலையில் ஏதாவது பிரச்சினையா?"

"இல்லை."

"யாருக்காவது அடிபட்டதா?"

"இல்லை."

உள்ளே போய் ஓரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து அவருடைய மகன் டான் எட்டிப் பார்த்தான். அவர்கள் டச்சில் மெதுவாகப் பேசிக்கொண்டதில் "யார் இவர்?" என்பது மட்டும் எனக்கு விளங்கியது. காபியை ஊற்றிக் கொடுத்தேன். ஹெங்க் வாழ்நாளில் காபிக்குப் பாலோ சர்க்கரையோ சேர்த்தவரில்லை. அன்று முழுவதையும் குடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு எழுந்தேன்; யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே வந்தேன். துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. ஹெங்க் என் பின்னால் வாசல்வரை வருவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் முறைப்படி செய்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்து குளித்தேன்.

3

மறுநாள் காலையில் சாஸ்கியா என்னை ஓர் அறைக்கு அழைத்துப் போனார். தண்ணீர் வைத்தார். கதவைச் சாத்தினார்.

"நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

டான் நிறுவனத்துக்குப் போன் செய்திருந்தான். அப்பாவோடு வேலை செய்கிறவர் ஒருவர் சொல்லாமல் வந்தார், பேசாமல் உட்கார்ந்திருந்தார், இனிப்பான காபி ஒன்றைக் கொடுத்தார், விடைபெறாமல் எழுந்து போய்விட்டார்; அவருக்கு ஏதாவது உதவி தேவைப்படுகிறதோ என்று கவலையாக இருக்கிறது என்றானாம். புகாராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. தாயைப் பறிகொடுத்த பையன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறான்!

நிறுவன மருத்துவரைப் பார்க்க எனக்கு நேரம் வாங்கினார்கள். அவர் நல்ல மனிதர். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஓர் இடத்தில் நின்றதுண்டா என்று படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டார்.

"எதற்குப் போனேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், டாக்டர். மற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை" என்றேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வேலை செய்யத் தகுதியானவர் என்று எழுதி அனுப்பினார்.

ஹெங்க்குக்கு ஒரு வரி மன்னிப்பு எழுதிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார் சாஸ்கியா. நான் எழுதவில்லை. ஹெங்க் வேலைக்குத் திரும்பிய அன்று, கழுவித் துடைத்த ஃப்ளாஸ்க் என் மேசைமேல் இருந்தது. எட்டு ஆண்டுகள் எதிரெதிரே உட்கார்ந்து இரும்பைப் பற்றி மட்டும் பேசினோம்.

4

என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. அவர் இறந்தபோது நான் துவாக்குடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் எனக்கும் ஃபோர்மேன் சேவியருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் சரியென்று விட்ட ஒரு பொருத்தை நான் தள்ளிவிட்டிருந்தேன். "புஸ்தகத்தப் படிச்சுட்டு வந்து எனக்கு வெல்டிங் சொல்லித் தர்றீங்களா?" என்று பட்டறை நடுவில் கத்திவிட்டு, அன்றோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா இறந்த அன்று பகல் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி வேன் சந்து முனையில் வந்து நின்றது. காக்கிச் சட்டையோடு, கையில் கிரீஸ் கறையோடு எல்லோரும் இறங்கினார்கள். முதல் ஆளாகச் சேவியர். பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எழுந்தார், போனார். காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்று என்னிடம் வந்தார்.

"அந்த ஜாயிண்ட்ட வெட்டி மறுபடி போட்டாச்சுங்க. வந்து பாருங்க."

அவ்வளவுதான். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதன் பிறகு நான் ஊரை விட்டுக் கிளம்பும்வரை எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. இதை எந்த ஸ்லைடில் போடுவது?

இதை வைத்து நான் ஊரை உயர்த்திப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போன ஆண்டு, என்னோடு பள்ளியில் படித்த திருவெள்ளறை நண்பனின் மனைவி இறந்துவிட்டதாக வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. அடியில் வரிசையாகக் கூப்பிய கைகள். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் தங்கைக்கும் அந்தப் பெண் தோழிதான். தங்கைக்குப் போன் செய்தேன்.

"திருவெள்ளறை என்ன தூரம்மா அங்கேருந்து? போயிட்டு வந்தியா?"

"குரூப்ல போட்டுட்டேன்ணா."

"நேர்ல போகலையா?"

"இந்த வெயில்ல யாருண்ணா போறா? எல்லாருமே குரூப்லதான் போட்டாங்க. நீ அங்க உக்காந்துக்கிட்டு ஈஸியா கேப்ப."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன்: காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அட்டை இப்போது திருச்சிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எனவே இது டச்சுக்காரர்களுக்கும் நமக்கும் நடக்கிற வழக்கு அல்ல. எட்டு மைல் பஸ்ஸில் போகச் சலித்துக்கொள்கிற எல்லோருக்கும் எதிராக நான் நடத்துகிற வழக்கு.

5

சாஸ்கியாவிடம் ஆறாவது ஸ்லைடைப் பேச மாட்டேன் என்றேன்.

"பெயர் சொல்ல வேண்டாம். சொந்தத் தவறைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பிடிக்கும்" என்றார்.

"அது தவறு இல்லை."

"பின்னே என்ன?"

"துக்கம் கேட்டல்."

அவர் பொறுமையானவர். இந்தப் பேச்சை ஒட்டித்தான் ஆறு பேருக்கும் பொறுப்பாளராக ஒருவரை நியமிக்கப் போகிறார்கள், அந்த ஒருவர் நானாக இருக்கலாம் என்று விளக்கினார். பத்து ஆண்டுகளில் எனக்கு வந்த முதல் பதவி உயர்வு வாய்ப்பு அது. தவறு என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும்.

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன்; என் மகள் யாழினி அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டாள். அவளுக்குப் பதினாறு வயது. தமிழில் எங்களோடு பேசுவாள். கோபம் வந்தால் டச்சுக்குப் போய்விடுவாள். அன்று தமிழிலேயே பேசினாள்.

"டான் இடத்துல நான் இருந்தா நானும் பயந்திருப்பேன்ப்பா."

"காபி கொண்டு போனவனப் பாத்தா?"

"பேசாம உக்காந்திருந்தீங்களே! அது க்ரீப்பி."

"உங்கப்பா எங்கயும் அப்படித்தாண்டி உக்காருவாரு," என்றாள் மாலதி. "எங்க கல்யாணத்துலயே அப்படித்தான் உக்காந்திருந்தாரு."

யாழினி சிரிக்கவில்லை. "சரிப்பா, நாளைக்கு நம்ம வீட்ல ஒண்ணுன்னா? இங்க யாரு அப்படி வருவா?"

மாலதி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். அந்தக் கேள்விக்காகவே அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் போனதே தவறு என்றால், எங்கள் வீட்டுக்கு யாரும் வர வேண்டியதில்லை என்று நானே எழுதிக் கொடுப்பது போல ஆகும்.

ஹெங்க்கிடம் கேட்காமல் விடுவதும் முறையில்லை. அவருடைய நாட்காட்டியில் காலி நேரம் பார்த்து, அவர்கள் வழக்கப்படி சந்திப்புக் கேட்டேன். எதிர் மேசைக்காரரிடம்தான்! ஓர் அறையில் உட்கார்ந்து ஸ்லைடைக் காட்டினேன்.

கடைசி வரிவரை படித்தார்.

"எனக்கு அது பிடிக்கவில்லை" என்றார். "அன்றைக்கும் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ரியாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். நீ வந்து உட்கார்ந்துவிட்டாய். போகும்போது ஒரு வார்த்தை இல்லை. நான் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்."

எட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கையைப் பற்றி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அந்த வீட்டில் 'வருகிறேன்' என்று நாங்கள் சொல்ல மாட்டோம், ஹெங்க். சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். வீட்டுக்காரர்களும் வழியனுப்ப மாட்டார்கள்."

யோசித்தார். "அது உன் வழக்கம். என் வீட்டில் என் வழக்கம்."

"நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை."

"நான் கேட்கச் சொல்லவில்லையே" என்றார். பிறகு விரலால் திரையைத் தட்டினார். "ஆனால் ரியா இறந்த நாளை இவர்கள் எதற்காகச் சுவரில் படம் காட்டுகிறார்கள்? யாரைக் கேட்டார்கள்?"

எழுந்து நேராகச் சாஸ்கியாவின் அறைக்குப் போனார். சந்திப்பு நேரம் எதுவும் வாங்காமல் போனார்.

6

உதாரணம் என்ற வரியை எடுத்துவிட்டார்கள். மூடிய கதவு அப்படியே இருந்தது.

வந்திருந்த ஆறு பேரும் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சாஸ்கியா பின்னால் நின்றார். ஐந்து ஸ்லைடுகளை ஒழுங்காகப் பேசினேன். ஆறாவது வந்தது. எல்லோருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

"இது நிறுவனத்தின் அறிவுரை. படித்துக்கொள்ளுங்கள். என் அறிவுரை அல்ல. நான் ஒருமுறை ஒரு துக்க வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். அதை யாரும் விரும்பவில்லை. மறுபடி அப்படி நேர்ந்தாலும் போவேன்."

மண்ணச்சநல்லூரிலிருந்து வந்த கவிதா என்ற பெண் கையைத் தூக்கிவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"சார், அப்ப போகலாமா, கூடாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

"முதல்ல என்னை சார்னு கூப்பிடாதீங்க. மூணாவது ஸ்லைடு."

"சரி சார்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"உங்களுக்குப் போகணும்னு தோணுச்சுன்னா போங்க," என்றேன். "என்ன நெனைப்பாங்களோன்னு பயந்துக்கிட்டு மட்டும் உக்காந்திருக்காதீங்க."

பொறுப்பாளர் பதவி பூனாக்காரர் ஒருவருக்குப் போனது. நல்ல உழைப்பாளி, அவருக்கு என் வாழ்த்து. கவிதாவுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு ஹெங்க்குக்கு வந்தது.

7

சில மாதங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம் மின்னஞ்சல் வந்தது. கவிதாவின் தந்தை ஊரில் காலமாகிவிட்டார். நாளைக் காலையில்தான் கவிதாவுக்கு விமானம். இந்த நேரத்தில் அவருடைய தனிமையை மதிப்போம். அட்டை காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தனிமை வேண்டும் என்று அவள் கேட்டாளா என்று விசாரித்தேன். யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. அட்டையில் என் வரியை எழுதினேன். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பிறகு மாலதிக்குப் போன் செய்தேன்.

விஷயத்தைச் சொன்னதும், "பால் வெக்கிறேன். நீங்க கிளம்பி வாங்க" என்றாள்.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது யாழினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அவங்களுக்கு ஒரு மெசேஜாவது போடுங்கப்பா."

"போட மாட்டேன்."

பெருமூச்சு விட்டுவிட்டு ஷூவை மாட்டினாள். "நானும் வரேன். நீங்க மட்டும் போனா அவங்களும் டாக்டருக்குப் போன் பண்ணிருவாங்க."

கவிதா தங்கியிருந்தது ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில். மூன்று பேருமாகப் போய் மணியை அடித்தோம். கதவைத் திறந்தவளின் முகம் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்தாள். 'வாங்க' என்று சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டு ஒதுங்கி நின்றாள்.

உள்ளே ஹெங்க் இருந்தார். கோட்டைக் கழற்றாமல், பொத்தான்களைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். முன்பே போன் செய்து, வரலாமா என்று கேட்டு, நேரம் வாங்கி வந்திருக்கிறார். மேசையில் அவர் கொண்டுவந்த பூங்கொத்தும் ஒரு பொட்டலம் கேக்கும் இருந்தன. என் கையிலிருந்த ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார். அடையாளம் தெரிந்திருக்கும்.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மாலதி போய்க் கவிதாவின் தோளைப் பிடித்தாள். அவ்வளவுதான், அந்தப் பெண் உடைந்து அழுதாள். "அக்கா, மொகத்தையாவது பாப்பேனாக்கா? வெச்சிருப்பாங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே அழுதாள். மாலதி பிடித்த பிடியை விடவில்லை. யாழினி யாரும் சொல்லாமலேயே ஃப்ளாஸ்க்கைத் திறந்து எல்லோருக்கும் காபி ஊற்றினாள்.

"சர்க்கரை இருக்கிறதா இதில்?" என்று ஹெங்க் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"நிறைய."

கோப்பையை வாங்கிக் குடித்தார்.

வெளியே இருட்டத் தொடங்கியபோது ஹெங்க் எழுந்தார். கவிதாவின் கையைக் குலுக்கினார். தன் ஆழ்ந்த அனுதாபம் என்றார், பத்திரமாகப் போய் வா என்றார், திரும்பி வந்ததும் சந்திப்போம் என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

நான் எழுந்தேன். மாலதி எழுந்தாள். கவிதாவைப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தோம். யாழினி நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள். பழக்கத்தில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தாள். கவிதா வாசல்வரை வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கீழே ஹெங்க் சைக்கிள் பூட்டைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"மறுபடியும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டாய்."

"ஆமாம்."

"எனக்கு நன்றி சொன்னாள். உனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே."

"சொல்ல மாட்டாள்" என்றேன். "அவள் மண்ணச்சநல்லூர்க்காரி."